நான்கு அடி வெளியே வந்த ராஜா

வெள்ளைப்பாறைத் தோட்டம்,
கொஸ்லந்த.
3 ஜூன் 1912

பதுளைக் கடைவீதி, ஜவுளிக்கடை சுந்தரலிங்கம் அவர்களுக்கு,

தாங்கள் என்னை அறியமாட்டீர்கள். நான் இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன். பெயர் நல்லையா. சித்திரை மாதம் தங்கள் தகப்பனார் காலமான செய்தியை, இந்தப் பக்கம் சாமான் கொண்டுவரும் மர்ஸூக் நானா சொல்லித் தெரிந்துகொண்டேன். என் அனுதாபத்தை ஏற்றுக்கொள்ளவும்.

தாங்கள் சதுரங்கம் நன்றாக ஆடுவீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். எனக்கு இங்கே ஆட ஆளில்லை. பெரகலப் பக்கமிருந்து இறங்கும் மூடுபனியில் மத்தியானம் மூன்று மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. நோயாளிகள் போனபின் செய்ய ஒன்றுமில்லை. நாம் தபாலில் ஆடலாமா? ஒரு நகர்த்தலுக்கு ஓர் அஞ்சலட்டை. வெள்ளைக் காய்கள் எனக்கு வேண்டும். அது ஒன்றுதான் என் நிபந்தனை.

சம்மதமானால் என் முதல் நகர்த்தல்: ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காலாள், இரண்டு கட்டம்.

சம்மதமில்லையானால் ஒரு வரி எழுதினால் போதும். நான் வருத்தப்பட மாட்டேன்.

நல்லையா

*

பதுளை.
9 ஜூன் 1912

நல்லையா அவர்களுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. முன்பின் தெரியாதவர் ஆட்டத்துக்கு அழைப்பது புதிதாக இருக்கிறது. ஆனாலும் அழைத்துவிட்டீர்.

இந்த ஊர்ச் சர்க்கார் கச்சேரி உத்தியோகஸ்தர் இருவர் என்னிடம் தோற்றிருக்கிறார்கள். கோர்ட்டில் வழக்காடும் ப்ராக்டர் ஒருவர் தோற்றபின் என்னோடு பேசுவதில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதே சமயம், ஏழு வருஷமாக நான் பலகையைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் உமக்கு அவசியமில்லை. தகப்பனார் உயிரோடிருந்தவரை எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. நேற்றுத்தான் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். காய் ஒன்றும் குறையவில்லை.

வெள்ளையை நீரே வைத்துக்கொள்ளும். என் ராஜாவின் காலாளும் இரண்டு கட்டம் வந்து உமது காலாளின் முகத்துக்கு நேரே நிற்கிறான்.

சுந்தரலிங்கம்

*

கொஸ்லந்த, 14 ஜூன். (அஞ்சலட்டை)

என் ராஜா பக்கத்துக் குதிரை வெளியே வருகிறது. தங்கள் காலாளை வெட்டப் பார்க்கிறது. — ந.

*

பதுளை, 19 ஜூன். (அஞ்சலட்டை)

அந்தக் காலாளுக்குக் காவலாக, ராஜாவை ஒட்டி நிற்கும், மூலைவாட்டில் ஓடும் தேருக்கு முன் நிற்கும் காலாளை ஒரு கட்டம் தள்ளுகிறேன். நான் எப்போதும் ஆடுவது இதுதான். இனி வெட்டிப் பாரும். — சு.

*

கொஸ்லந்த.
24 ஜூன் 1912

ஐயா,

வெட்டிவிட்டேன். என் குதிரை தங்கள் காலாளை எடுத்துக்கொண்டு அதே கட்டத்தில் நிற்கிறது. தாங்கள் காவலுக்கு வைத்த காலாளால் அதைக் கொல்லலாம். ஒரு காலாளுக்கு ஒரு குதிரை.

இதை எழுதும்போது ஒன்று சொல்லவேண்டியது என் கடமை. யோசித்து ஆடுங்கள். அவசரமில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் காத்திருப்பேன்.

நல்லையா

*

பதுளை.
29 ஜூன் 1912

நல்லையா அவர்களுக்கு,

யோசிக்க என்ன இருக்கிறது? குதிரையை எடுத்துவிட்டேன். மருந்துச்சாலையில் இருக்கிறவர் கை நடுக்கத்தில் காயை மாற்றி வைத்துவிட்டாரோ என்று சிரித்தேன்.

ஆனால் எடுத்த பிறகு நடந்ததை எழுதுகிறேன். கடையில் பட்டப்பகல். வெளியே மாட்டுவண்டிச் சத்தம். குதிரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், துணிக்கட்டுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை மெல்லச் சிரித்தது கேட்டது. வாடிக்கை வந்திருக்கிறதென்று போய்ப் பார்த்தேன். அங்கே ஆள் நிற்க இடமேயில்லை. சுவர் வரைக்கும் கட்டு அடுக்கியிருக்கிறது.

தாங்கள் என்று எழுதுகிறீர்; அவ்வளவு மரியாதை வேண்டாம். ஆட்டத்தைக் கவனியும்.

சுந்தரலிங்கம்

*

கொஸ்லந்த, 4 ஜூலை. (அஞ்சலட்டை)

என் ராணி மூலைவாட்டில் பலகையின் ஓரம்வரை போய்த் தங்கள் ராஜாவுக்குச் செக் வைக்கிறாள். — ந.

*

பதுளை, 10 ஜூலை. (அஞ்சலட்டை)

நடுவில் காலாளை வைத்து மறித்தால் மூலையில் நிற்கும் என் யானை போய்விடும். யானையை இழக்க மனமில்லை. ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைக்கிறேன். — சு.

*

பதுளை.
5 ஆகஸ்ட் 1912

நல்லையா,

இதற்கிடையில் நீர் அனுப்பிய இரண்டு அட்டைகளுக்கும் பதில் அனுப்பினேன். உமது ராணி என் காலாளைத் தின்று செக் வைத்தாள், நான் ஒதுங்கினேன். உமது தேர் வந்து செக் வைத்தது. நான் மேலும் ஒதுங்கினேன். இப்போது என் ராஜா சொந்த வீட்டைவிட்டு மூன்று அடி வெளியே நிற்கிறார். என் சேனையெல்லாம் பின்னால் வரிசை கலையாமல் நின்று வேடிக்கை பார்க்கிறது. ஒருவனும் அவருக்கு உதவ முடியாது.

இந்த ஆட்டத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லும். உமது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லிக் கொடுப்பது யார்?

எனக்கு ஒரு தங்கை இருந்தாள், கனகம். எட்டு வயதிலிருந்து என்னோடு ஆடியவள். வெள்ளைதான் வேண்டுமென்று அடம்பிடிப்பாள். நான் அந்தக் காலாளைக் காவலுக்குத் தள்ளும்போதெல்லாம் குதிரையைக் கொடுப்பாள். நான் எடுப்பேன். அவள் சிரிப்பாள். "ஏன் குடுக்குறேன்னு ஒரு தரமாச்சும் கேக்குறியா அண்ணே" என்பாள்.

1905இல் அவள் எங்களுக்கு ஒவ்வாத இடத்துப் பிள்ளை ஒருவனோடு, தோட்டத்துக் கங்காணி மகன் தம்பையாவோடு, போய்விட்டாள். எந்தத் தோட்டம் என்று விசாரிக்கக் கூடாதென்று தகப்பனார் உத்தரவு. அவள் செத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம் என்றார். வாயால் சொன்னதோடு விடவில்லை. தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் கட்டி, அவளுடைய சேலையைச் சுற்றி, ஆற்றங்கரையில் கிடத்தினார். கடைச் சாவியை என் முன் நீட்டி, "கொள்ளி வைக்கிறவனுக்குத்தான் கடை" என்றார்.

நான் சாவியை வாங்கிக்கொண்டேன். ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை, உச்சிவேளை. உருவத்தின் இடதுகைப் பக்கம் முதலில் நெருப்பு வைத்தேன். புல் ஈரமாயிருந்தது, பிடிக்க வெகுநேரம் ஆயிற்று.

கனகம் உம்மிடம் இருக்கிறாளா? உயிரோடிருக்கிறாளா? ஒரு வார்த்தை எழுதும்.

சுந்தரலிங்கம்

*

கொஸ்லந்த.
10 ஆகஸ்ட் 1912

ஐயா,

கனகம் என்று யாரையும் நான் அறியேன். புத்தகம் பார்த்து ஆடுகிறேன்.

என் ராணி தங்கள் ராஜாவின் அருகே வந்து செக் வைக்கிறாள்.

நல்லையா

*

பதுளை.
15 ஆகஸ்ட் 1912

ராஜாவைப் பலகையின் ஓரத்துக்குக் கொண்டுபோகிறேன். நான்காவது அடி. அங்கேதான் போக முடியும்.

உமது கடிதத்தை நம்பினேனா என்று கேட்கவேண்டாம். நேற்று மத்தியானம் கடையில் கணக்கன் வீரசிங்கமும் இருந்தார். இருவரும் கேட்டோம். "யோசிச்சு ஆடு அண்ணே." வீரசிங்கம் எழுந்து போய்க் கட்டுகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, மேல்துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இன்று வேலைக்கு வரவில்லை.

எனக்குப் பயமாயில்லை. அவள் குரலை ஏழு வருஷம் கழித்துக் கேட்டேன். பயத்தைவிட வேறொன்று இருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை.

சு.

*

கொஸ்லந்த.
24 ஆகஸ்ட் 1912

ஐயா,

நான் பொய் எழுதினேன். இந்தக் கடிதத்தில் நகர்த்தல் கிடையாது.

கனகம் இந்தத் தோட்டத்துக் கூலியாட்கள் லயத்தில்தான் குடியிருந்தாள். கொழுந்து பறித்தாள். தம்பையா 1908 மழையில் மண்சரிந்து இறந்துபோனான். மறுவருஷம் ஐப்பசியில் இவளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இருபத்தாறு நாள் என் பார்வையில் இருந்தாள். என்னால் முடிந்ததைச் செய்தேன், ஐயா. போதவில்லை.

அந்த நாட்களில் எனக்குச் சதுரங்கம் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். மருந்துப் பெட்டி மூடியில் கட்டம் கீறி, போத்தல் தக்கைகளைக் காயாக வைத்துச் சொல்லித் தந்தாள். சாகிறதற்கு நாலு நாள் முந்தி, மருந்துச் சீட்டுகளின் பின்புறத்தில் ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதிக் கொடுத்தாள். "எங்கண்ணே இதுக்கு இதுதான் ஆடும், அதுக்கு அதுதான் ஆடும்" என்று தங்கள் பக்கத்து நகர்த்தல்களையும் அவளே எழுதினாள். இதுவரை தாங்கள் அனுப்பிய ஒவ்வோர் அட்டையும் அந்தச் சீட்டில் முன்பே இருக்கிறது. ஒன்றுகூட மாறவில்லை. 

அவளுக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெயர் புஷ்பம். தாய் சாகும்போது இரண்டரை வயது, இப்போது ஐந்து. எனக்கும் என் மனைவி பாக்கியலெட்சுமிக்கும் பிள்ளை இல்லை. எங்களிடம்தான் வளர்கிறாள்.

சீட்டின் கடைசியில் கனகம் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அப்பா இருக்கும்வரை அண்ணன் கை அண்ணனுடையது அல்ல. அவர் போன பிறகு இந்த ஆட்டத்தை ஆடுங்கள். குதிரையைக் கொடுக்கும்போது யோசிக்கச் சொல்லுங்கள். எடுக்காவிட்டால் ஆட்டத்தை நிறுத்திப் புஷ்பத்தைப் பற்றி எழுதுங்கள். எடுத்தால் ராஜாவை வெளியே இழுத்துக் கட்டிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுங்கள்; பிள்ளை உங்களோடு இருக்கட்டும்."

அதற்குக் கீழே இன்னொரு வரி: "நடுவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் மறைக்கவேண்டாம்."

தாங்கள் குதிரையை எடுக்கவேண்டுமென்று நான் சாமி கும்பிட்டேன். எடுத்ததாகத் தங்கள் கடிதம் வந்த அன்று பாக்கியலெட்சுமி பாயசம் வைத்தாள். பிறகு தாங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டீர்கள். அந்தக் கடைசி வரியை மனைவிக்குக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டுத் தங்களுக்குப் பொய் எழுதினேன்.

அந்தப் பொய்யைத் தபாலில் போட்ட நாள்முதல் இந்த வீடு சரியாயில்லை. புஷ்பம் வாசற்படியில் தேயிலைக் கொட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்காருகிறாள். ஒரு கொட்டை மட்டும் தனியாகத் தள்ளி நிற்கும். என்னம்மா இது என்றேன். "இவரு ஊட்ட உட்டு வெளிய வந்துட்டாரு. இனி திரும்பிப் போக வழியில்ல" என்றாள். பதினாறாம் தேதி காலை அந்தக் கொட்டையை எடுத்துப் படியின் ஓரத்தில் வைத்தாள். தங்கள் கடிதம் பத்தொன்பதாம் தேதிதான் வந்தது. ராஜா பலகையின் ஓரத்துக்குப் போனதாக அதில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் பலகை கிடையாது, ஐயா. பிள்ளைக்கு நாங்கள் யாரும் இந்த ஆட்டத்தைச் சொல்லித்தரவில்லை.

"யாரும்மா சொன்னா?" என்று பாக்கியலெட்சுமி கேட்டாள். "அம்மாதான். மாமா பாவம்னு சொல்றாங்க" என்றாள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கனகத்தின் இடது உள்ளங்கையில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. அடுப்பில் பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றாள். தோட்டத்துக்கு வந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது கை தானாக வெந்து கொப்பளித்ததாம். சுற்றிலும் பனியும் ஈரமும்தானாம். நான் நம்பவில்லை. தங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் என்னால் சாப்பிட முடியவில்லை.

பாக்கியலெட்சுமிக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. "எழுதிப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நல்லையா

*

பதுளை.
30 ஆகஸ்ட் 1912

நல்லையா அவர்களுக்கு,

தாங்கள் என்று எழுத எனக்கும் மனம் வருகிறது. ஆனால் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளும்.

உமது அடுத்த நகர்த்தல் ராணிக்கு முன்னால் நிற்கும் காலாள், இரண்டு கட்டம். அது நகர்ந்ததும் பின்னாலிருக்கும் தேர் என் ராஜாவைப் பார்க்கும். நான் காலாளை வைத்து மறிப்பேன். ஓரத்துக் காலாள் வருவான். அதையும் சேர்த்து நான்கு நகர்த்தலில் என் ராஜாவுக்குப் போக்கிடம் இருக்காது. சீட்டில் இப்படித்தானே இருக்கிறது? பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. நான் தோற்றேன்.

நீர் பொய் எழுதியதற்காக உம்மிடம் எனக்குக் கோபமில்லை. இருபத்தாறு நாள் அவள் பக்கத்தில் இருந்தீர். அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். தீபாவளிக்கு வந்த சேலைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தில் தோற்றவனுக்குப் பிள்ளைமேல் பாத்தியதை இல்லை. அது அவள் வாக்கு. ஆனால் பெயரைச் சொல்லிக் கேட்டேன் என்பதற்காக, ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போக அனுமதி கேட்கிறேன்.

சுந்தரலிங்கம்

*

கொஸ்லந்த.
5 செப்டம்பர் 1912

ஐயா,

வாருங்கள். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஆள் கூட்டி வேலை கொடுக்கும் பெரட்டுக் கிடையாது. பண்டாரவளையில் ரயிலேறி அப்புத்தளையில் இறங்கினால் வண்டி கிடைக்கும்.

பிள்ளையைத் தாங்கள் கேட்டால் கொடுத்துவிடுவதென்று நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். தாங்கள் கேட்கவேண்டியதுகூட இல்லை. பொய் சொன்ன வீட்டில் அவளை வைத்துக்கொண்டிருக்க எங்களுக்குத் தைரியம் போதவில்லை.

நல்லையா

*

பதுளை.
18 செப்டம்பர் 1912

நல்லையா அவர்களுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நான் வந்து இறங்கியதுமே, தொழிற்சாலையில் கை நசுங்கியவனைப் பார்க்க உம்மைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் அதற்குப்பின் நடந்தது உமக்குத் தெரியாது. உமது மனைவியும் முழுவதையும் பார்க்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்ற உள்ளே போயிருந்தார். ஆகவே நான் எழுதுகிறேன்.

பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கனகத்தின் நெற்றி. அதைப் பார்த்தவுடன் என் கால் நின்றுவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க கறுப்பா?" என்றாள். எந்தக் காயை ஆடினேன் என்று கேட்கிறாள் எனப் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

"ஆமாம்மா" என்றேன்.

"எங்கம்மாவ நெருப்புல வச்சது நீங்கதானே?"

உமது வீட்டில் யாரும் அதை அவளிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். அது எனக்கு நிச்சயம். என் வாயில் பதில் தயாராக இருந்தது. அது வெறும் புல் அம்மா, தாத்தா சொன்னபடி செய்தேன் அம்மா. ஏழு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்த பதில். பிள்ளை கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா. நான்தான்" என்றேன்.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இல்லன்னு சொன்னா கூடப் போகாதேன்னு அம்மா சொல்லியிருந்தாங்க" என்று சொல்லி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவளே என்னை வண்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

அப்போது உமது மனைவி வெளியே வந்தார். கையில் தேத்தண்ணீர் இல்லை. துணி மூட்டை இருந்தது. சின்னச் சின்ன உடுப்புகளை மடித்து நாலு மூலையும் சேர்த்துக் கட்டியிருந்தார். இரண்டு கையாலும் நீட்டினார். "பதுளையில குளுரு எப்படின்னு தெரியாதுங்க. காலையில காத மூடி உடுங்க. பாலு சூடா இருந்தாத்தான் குடிப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் கை நீண்டது. எனக்கே தெரிந்தது, அது தானாக நீண்டது. மூட்டையின் முடிச்சில் விரல்பட்ட பிறகுதான் நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

மூட்டையை வாங்கவில்லை. பிள்ளையின் கையை என் விரலிலிருந்து மெல்லப் பிரித்து அவர் கையில் வைத்தேன். "தைப்பொங்கலுக்கு மூணு பேருமா பதுளைக்கு வாங்கம்மா. வீடு பெரிசு, நான் ஒருத்தன்தான் இருக்கேன்" என்றேன். அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் போய் வண்டியில் ஏறினேன்.

தைக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து வைக்கிறேன். நீரும் மறுக்கக்கூடாது.

வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பிள்ளை கையசைத்தாள். நானும் அசைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டியில் எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.

பெரகலச் சந்தி வரும்வரை நான் ஓரமாக ஒதுங்கியே உட்கார்ந்து வந்தேன். வண்டிக்காரன், "நல்லா உட்காருங்க ஐயா, எடமிருக்குல்ல" என்றான். இல்லையப்பா, இது போதும் என்றேன்.

சுந்தரலிங்கம்